காயலான் கடைக்குப் போகும் முன்

கேள்வி: என் அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். ஷெட்டை இப்போது வாடகைக்கு விடப்போகிறோம். ஒரு மரப்பெட்டி நிறைய சாமான்கள் இருக்கின்றன. சுத்தியல், ஸ்பேனர் வரை எனக்கும் தெரியும். மற்றவை என்னவென்றே புரியவில்லை. ஸ்பேனரிலும் சில எந்த போல்ட்டுக்கும் பொருந்தவில்லை. காயலான் கடைக்காரர் மொத்தமாக எடை போட்டு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். அம்மாவுக்கு மனசு வரவில்லை. படங்கள் அனுப்பியிருக்கிறேன். எவை எதற்கானவை என்று சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கடைக்காரரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். அதுவரை உப்புத்தாள், கிரைண்டர் எதுவும் வேண்டாம். துருவைத் தேய்க்கிறேன் என்று இறங்கினால் முதலில் போவது இரும்பில் குத்தியிருக்கும் எண்தான். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பழந்துணியால் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். '18ஜி' என்று தொடங்கி ஓர் எண் தெரிந்தால் அது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் வண்டிகளுக்கென்று தனியாகச் செய்வித்த கருவி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த நம் அம்பாசடர் மெக்கானிக்குகளிடம் இந்த எண்கள் கொண்ட சாமான்கள் இருந்ததில் ஆச்சரியமில்லை.

பொருந்தாத ஸ்பேனர்களைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் படத்தில் ஒரு வாய்ப்பக்கம் '1/4 டபிள்யூ' என்றும் அதன் கீழேயே '5/16 பிஎஸ்' என்றும் இருக்கிறது. கால் அங்குலமா, அதைவிடப் பெரிதா என்று குழம்பாதவர் கிடையாது. இரண்டுமே ஸ்பேனர் வாயின் அளவல்ல. அது பிடிக்கும் போல்ட்டுடைய தண்டின் தடிமன். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த மரைக்கணக்கு அப்படி. பின்னால் பொடி மரை கொண்ட பிஎஸ்எஃப் (உங்கள் ஸ்பேனரில் 'பிஎஸ்') போல்ட்டுகள் வந்தபோது தலையை ஒரு சைஸ் சிறிதாக்கிவிட்டார்கள். அதனால் கால் அங்குல விட்வொர்த் போல்ட்டுக்கும் 5/16 பிஎஸ்எஃப் போல்ட்டுக்கும் ஒரே வாய் போதும். அந்த வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். இன்றைய 13 போல்ட்டில் போட்டால் லொடலொடவென்று ஆடும். முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டின் மூலை மழுங்கிவிடும். தொழில் பழகின காலத்தில் நானே மழுக்கி, மேஸ்திரியிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

'ஏஎஃப்' என்று போட்டிருக்கும் ஸ்பேனர்கள் வேறு ஜாதி. அதில் உள்ள எண் வாயின் அளவேதான். 1/2 ஏஎஃப் என்றால் 12.7 மில்லிமீட்டர். அம்பாசடர் எஞ்சினுக்கு வேண்டியது இவை. ஆக, உங்கள் பெட்டியில் இரண்டு செட்டும் இருப்பதைப் பார்த்தால் அப்பா கை அம்பாசடருக்கு முந்தைய வண்டிகளிலும் பட்டிருக்கிறது. விட்வொர்த் செட்டை உடைக்காமல் அப்படியே வையுங்கள். மதராஸில் 1955 முதல் உருவான புல்லட்டின் பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்றும் இதைத் தேடி அலைகிறார்கள்.

இரண்டாவது படத்தில் இருக்கும் பெரிய இரும்புக் கவ்வி, ஒரு முனையில் கவை பிரிந்து நிற்கிறதே, அது வால்வ் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி. கவையின் உட்புறம் மட்டும் பளபளவென்று இருப்பதைக் கவனித்தீர்களா? ஸ்பிரிங் மேலுள்ள வட்டத் தகட்டை அமுக்கி அமுக்கித் தேய்ந்த இடம் அது. பெயர் தெரியாத எந்தக் கருவியையும் இப்படித்தான் நான் பார்ப்பேன். கைப்பிடியைப் பார்ப்பதில்லை, எங்கே தேய்ந்திருக்கிறது, அங்கே என்ன வடிவம் உட்காரும் என்று பார்ப்பேன். இதற்குப் பக்கத்தில் கிடக்கும் ரப்பர் குமிழ் வைத்த குச்சி இதன் ஜோடி. வால்வின் தலையில் ரப்பரை ஒட்டி, ஓரத்தில் பேஸ்ட் தடவி, மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுவார்கள். வால்வின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் விழும் வரை விடமாட்டார்கள்.

அரம் மாதிரி இருந்து பல் இல்லாமல் மூன்று விளிம்போடு முடிவது பேரிங் சுரண்டி. வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங்குகள் இருந்த காலத்தில், கிராங்க் தண்டில் நீல மை பூசிச் சுழற்றி, மை ஒட்டிய மேட்டை மட்டும் இதனால் சீவி எடுப்பார்கள். மறுபடி மை, மறுபடி சீவல். தகடு பேரிங்குகள் வந்த பின் இந்த வேலையே போய்விட்டது. அப்பா இதைத் தம் மேஸ்திரியிடமிருந்து வாங்கி வைத்திருக்கக்கூடும். விளிம்பு இன்னும் கூராகத்தான் இருக்கும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கரண்ட் ஒயரோடு 'வி' வடிவில் இருக்கும் கனத்த இரும்புக் கட்டையின் பெயர் க்ரவுலர். கரண்ட் கொடுத்தால் உறுமும், அதனால் அந்தப் பெயர். டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஆர்மேச்சரை அந்தப் பள்ளத்தில் படுக்கவைத்து, மேலே ஆக்சா பிளேடு ஒன்றை லேசாகப் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரை மெல்லச் சுழற்றுவார்கள். காயில் ஷார்ட் ஆன இடம் வரும்போது பிளேடு கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். ஒயரின் துணி உறை நைந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஆசைக்குக்கூட பிளக்கில் செருகாதீர்கள். காயில் கட்டும் கடைக்காரர் யாராவது நல்ல விலை கொடுப்பார்.

கடைசிப் படத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் கன்தான், ஆனால் உடம்பில் ஆணியால் 'ஆயில்' என்று கீறியிருக்கிறது. அதை எழுதியவருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு தெரியும். மதராஸில் 1961-லிருந்து தயாரான வண்டி. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரை இருக்கும். அது ட்ரனியன் என்ற உலோகக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சுழல்வது அந்த மரைதான். மற்ற வண்டிகளைப்போல் அங்கே கிரீஸ் அடித்தால் அது மரைக்குள் சரியாக இறங்காது. தண்ணீர் புகும், தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் மெதுவாகத் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். அப்படி மடங்கிய வண்டியை நான் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். உடைந்த முனையை விரலால் தடவினால் காய்ந்த கிரீஸ் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டியான 90 ஆயிலைத்தான் அங்கே ஏற்றவேண்டும். உதவிப் பையன் தவறிப்போய் கிரீஸ் நிரப்பிவிடக் கூடாதென்று அப்பா கீறிவைத்த எச்சரிக்கை அது.

நெருப்பில் காட்டி வளைத்த ரிங் ஸ்பேனரும், சைக்கிள் போக்கைத் தட்டிச் செய்த கொக்கியும் எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் வராது. நேராகக் கை போகாத ஏதோ ஒரு நட்டுக்காக அப்பாவே செய்துகொண்டவை. விற்றால் பத்துக்காசு பெறாது. வீட்டில் வைத்துக்கொள்ள என்னைக் கேட்டால் முதலில் இவற்றைத்தான் சொல்வேன்.

வாய் விரிந்த ஸ்பேனர்கள், தலை பிளந்த சுத்தியல், நெளிந்த ஜாக்கி இவற்றைத் தாராளமாக எடைக்குப் போடுங்கள். மீதியை, பழைய கார் வைத்துப் பராமரிக்கும் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். ஷெட்டின் பழைய பில் புத்தகத்தைப் புரட்டினால் ஹெரால்டுக்காரர் ஒருவர் பெயராவது அகப்படும். கன்னை அவரிடமே கொடுங்கள். கொடுக்கும்போது, உள்ளே 90 ஆயில் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை வாயாலும் சொல்லிவிடுங்கள்.