வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: பாதியில் விடாமல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் எட்டுப் பக்கம் முத்து முத்தான கையெழுத்து, மீதியெல்லாம் வெள்ளை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய பலர் வீட்டில் இப்படி ஒரு நோட்டு கிடக்கும். என் வீட்டில் இரண்டு கிடந்தன. பாடம் புரியாமல் விட்டவர்கள் குறைவு; பத்தாம் வகுப்புத் தரம்தானே. நாலு நாள் விட்டுப்போகும். பிறகு புத்தகத்தைத் தொடவே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தை ஜெயித்தவள் என் அத்தை மகள். ஜவுளிக்கடையில் வேலை. அவள் செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள்

2025-ல் அறிவிப்பு வந்தது ஏப்ரல் 25. தேர்வு ஜூலை 12. நடுவில் 78 நாள். வேலைக்குப் போகிறவருக்கு அது படித்ததைத் திருப்பிப் பார்க்கத்தான் காணும். எந்தத் தேர்வு எப்போது என்று டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு இப்போதே தொடங்குங்கள்.

படி 2: ஆசையை மதிப்பெண்ணாக்குங்கள்

"கவர்ன்மென்ட் வேலை வாங்கணும்" என்பதை வைத்துக்கொண்டு நாளைக் காலை எதைப் படிப்பது? கணக்கு இதுதான்: 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவுக் கணக்கில் 25. தமிழில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஆரம்பியுங்கள். தலையணை கனத்தில் கைடு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: ஓர் இடத்தைப் பிடியுங்கள்

கடை அடைத்து அவள் வீடு சேர இரவு பத்தாகும். நாளெல்லாம் நின்ற கால் கடுக்கும்; புத்தகத்தைப் பிரித்தால் தூக்கம் சொக்கும். ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டுக் காலை ஐந்து மணிக்கு மாறினாள். மொட்டைமாடிப் படிக்கட்டில் மூன்றாம் படி அவள் இடம். செல்போன் கீழே அரிசி டப்பாவுக்குப் பின்னால். ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

படி 4: காலண்டர் தாளில் கணக்கு வையுங்கள்

தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்போம் இல்லையா, அதை அவள் குப்பையில் போடவில்லை. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, தாளின் பின்பக்கம் நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுவாள். எழுதிய தாளை, கடையில் பழைய பில் குத்தி வைப்பார்களே, அதுபோன்ற ஒரு கம்பியில் குத்துவாள். படிக்காத நாளின் தாளும் வெறுமையாகவே கம்பிக்குப் போகும். ஒளித்துவைக்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

படி 5: விட்ட நாளுக்கு வட்டி கட்டாதீர்கள்

என் இரண்டு நோட்டும் இங்கேதான் செத்தன. நாலு நாள் விட்டால், ஐந்தாம் நாள் ஐந்து நாள் பாடத்தையும் சேர்த்துப் படித்துவிடுவதாகச் சபதம் போடுவேன். முடியாது. உடனே புது டைம்டேபிள். ஒன்றுக்கு நாலு கலர் ஸ்கெட்ச் பேனா பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டம் போட்டிருக்கிறேன். அன்று ஒரு வரி படிக்கவில்லை.

அவளுக்குத் தீபாவளி வியாபாரத்தில் சேர்ந்தாற்போல் 12 நாள் போயிற்று. பதின்மூன்றாம் நாள் பழைய பாக்கி எதையும் தொடவில்லை. விட்ட பக்கத்திலிருந்து ஒரே ஒரு பக்கம். தாளில் மூன்று வரி. பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். மறுநாள் இருபது நிமிடம். பழைய நேரத்துக்கு வர ஒரு வாரம் ஆனது. திரும்பி வரும் நாளை இப்படிச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். வேறெந்தப் படியை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

படி 6: ஞாயிறு ஒரு பழைய வினாத்தாள்

ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஓ.எம்.ஆர். தாளை நகலெடுத்துக் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டங்களை நிரப்பிப் பழகுங்கள். ஐந்தாவது வட்டம் "விடை தெரியவில்லை" என்பதற்கு. அதையும் நிரப்பிப் பழகுங்கள்.

படி 7: ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்

சொந்தக்காரர் எல்லாரிடமும் சொன்னால் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "என்னம்மா, ரிசல்ட் வந்துச்சா?" தான். அவள் ஒரு தோழிக்கு மட்டும் தினமும் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். வெற்றுத் தாளையும்தான்.

2023 செப்டம்பர் 1-ல் தொடங்கி, 2024 ஜூன் 9-ல் தேர்வு எழுதினாள். முந்தைய நாள் வரை கம்பியில் 282 தாள். அதில் 71 வெறுமை. இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்.