நடுகல்லும் கல்வியும்

நுழையும்முன்

களத்தில் வீழ்ந்த வீரருக்குக் கல் நட்டு வணங்கியது தமிழர் மரபு. அவர் விட்டுச்சென்ற குடும்பத்தைத் தாங்குவது அம்மரபின் மறுபாதி. முற்காலத்தில் நிலமாக வழங்கப்பட்ட அந்த ஆதரவு, இன்று கல்வியாக வழங்கப்படுவதை இப்பாடம் விளக்குகிறது.

பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, முத்துக்குப் பெயர்பெற்றது. கடல் விலகிச் சென்றமையால் இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் கரையிலிருந்து உள்ளடங்கிய சிற்றூராக உள்ளது. அக்கடலில் முத்துக்குளித்தோர் தனியே மூழ்கியதில்லை. கல்லின் எடையால் கடலடிக்கு இறங்கியவரின் கயிற்றைப் படகிலிருந்த ஒருவர் பிடித்திருந்தார். கயிறு அசைந்ததும் மேலே இழுத்தார். அவர்மீது கொண்ட நம்பிக்கையே மூழ்கியவரின் துணிவு. எல்லையில் நிற்கும் படைவீரரின் துணிவும் அத்தகையதே. தாம் வீழ்ந்தாலும் தம் பிள்ளைகளை நாடு தாங்கும் என்னும் நம்பிக்கை அதில் அடங்கியுள்ளது.

நிலம் தந்த மரபு

நடுகல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. புகழைக் கல் காத்தது. குடும்பத்தைக் காக்க நிலம் வழங்கப்பட்டது. வீரரின் குடும்பத்தார்க்கு அளிக்கப்பட்ட அந்நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி எனக் குறிப்பிடுகின்றன. உதிரம், நெய்த்தோர் ஆகிய இரு சொற்களும் குருதியைக் குறிப்பன. சிந்திய குருதிக்கு ஈடாகத் தரப்பட்டது என்பதைப் பெயரே உணர்த்துகிறது. எனவே, அது இரந்து பெற்ற கொடையன்று. உழைத்து ஈட்டிய உரிமை.

கல்வி என்னும் நிலம்

உழவே பெரும்பான்மையோர் வாழ்வாக இருந்த காலத்தில் நிலம் தலைமுறைகளைக் காத்தது. இன்று அப்பணியைச் செய்வது கல்வி. உலக நாடுகளும் இதனை உணர்ந்துள்ளன. முதல் உலகப்போரின் நடுவே, 1917ஆம் ஆண்டு, போரில் தந்தையை இழந்த குழந்தைகளை நாட்டின் பிள்ளைகளாக ஏற்கும் சட்டத்தைப் பிரான்சு இயற்றியது.

இந்தியாவில், 1971ஆம் ஆண்டுப் போரையொட்டி அறிவிக்கப்பட்ட கல்விச்சலுகைத் திட்டம் 1972இல் நடைமுறைக்கு வந்தது. போரில் உயிர்நீத்தோர், காணாமற்போனோர், உறுப்பிழந்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இளநிலைப் பட்டம்வரை கல்விக்கட்டணம், விடுதிக்கட்டணம், நூல், சீருடை ஆகிய செலவுகளை அரசு ஏற்றது. இலங்கை சென்ற அமைதிப்படையினர், சியாச்சின் பனிமலையில் பணியாற்றியோர் ஆகியோரின் குடும்பங்களுக்கும் பின்னர் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது.

உரிமைக்கு வந்த சோதனை

2017ஆம் ஆண்டு, கல்விக்கட்டணமும் விடுதிக்கட்டணமும் சேர்ந்து திங்களுக்கு 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என வரம்பு விதிக்கப்பட்டது. மிகுந்த கட்டணமுடைய தொழிற்படிப்புகளில் பயின்றோரை அது பாதித்தது. கடற்படைத் தலைமைத் தளபதி உள்ளிட்டோர் வரம்பை நீக்க வேண்டினர். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது நீக்கப்பட்டது. அரசுக் கணக்கில் செலவாகத் தோன்றுவது, தந்தையை இழந்த மாணவிக்குப் பாதியில் நிற்கும் படிப்பாகிவிடலாம். களத்தில் உயிரைக் கொடுத்தவர் அதற்கு வரம்பு கேட்கவில்லை என்பதை இந்நிகழ்வு நினைவூட்டியது.

நாடிப் பெறுதல்

2006-07ஆம் கல்வியாண்டில் பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. தொழிற்படிப்பில் சேரும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு இது வழங்கப்படுகிறது. களத்தில் உயிர்நீத்தோர், உறுப்பிழந்தோர் ஆகியோரின் குடும்பத்தார்க்கு இதில் முன்னுரிமை உண்டு. 2019ஆம் ஆண்டு இத்தொகை திங்களுக்கு மாணவர்க்கு 2,500 ரூபாயாகவும் மாணவியர்க்கு 3,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மேல்நிலைத் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; படிப்பின் முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வுதவி தானே வீடு தேடி வருவதில்லை. சான்றிதழ் திரட்டி, நாள் தவறாது விண்ணப்பித்தல் வேண்டும். துயரில் ஆழ்ந்த குடும்பத்திற்கு அது எளிதன்று. அங்குதான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், ஆசிரியரும், உடன்பயிலும் நண்பரும் துணைநிற்க வேண்டியுள்ளது. வீரரைப் போற்றுதல் என்பது நினைவு நாளில் மலர் தூவுவதோடு முடிவதன்று. அவர்தம் பிள்ளை பட்டம் பெறும்வரை உடன்நிற்பதே அதன் நிறைவாகும்.

தெரிந்து தெளிவோம்

1949ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி படைவீரர் குடும்ப நலனுக்குப் பயன்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. 'உதிரப்பட்டி கொடையன்று, உரிமை' – இக்கருத்து குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழங்கும் கல்வி உதவிகளைத் தொகுத்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.