ரேடியோ கடைத்தெருவுக்கு வந்த கம்ப்யூட்டர்

கேள்வி: கிழக்கேகோட்டையில் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கெல்ட்ரான் எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். ஆனாலும் 1980-களில் இங்கே கடைக்குப் போய் கம்ப்யூட்டர் வாங்கிய யாரையும் அப்பாவுக்கு ஞாபகமில்லை. கம்ப்யூட்டர் கடைக்கு வந்த கதை என்ன?
– வாசகி, திருவனந்தபுரம்

பதில்: பாதிக் கதை உங்கள் அப்பாவின் தொழிலில்தான் இருக்கிறது.

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தது. தபாலில் பணம் கட்டினால் உதிரிபாகங்கள் வரும். வாங்கியவரே சால்டரிங் செய்து பூட்ட வேண்டும். கீபோர்டு இல்லை, திரை இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளைத் தட்டித்தான் புரோகிராமை ஏற்ற வேண்டும். ஒரு சால்டரிங் சரியாகப் பிடிக்காவிட்டாலும் மக்கர் செய்யும். கேட்க ஆள் கிடையாது. அந்த ஆளாக வந்தவர் டிக் ஹைசர். அதே ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் திறந்த 'தி கம்ப்யூட்டர் ஸ்டோர்'தான் முதல் சில்லறைக் கம்ப்யூட்டர் கடையாகக் கருதப்படுகிறது.

டிசம்பரில் பால் டெரல், மவுண்டன் வியூவில் 'பைட் ஷாப்' தொடங்கினார். 1976-ல் ஆப்பிள் கம்ப்யூட்டரை விற்க ஸ்டீவ் ஜாப்ஸ் அவரிடம் வந்தபோது, பாகங்களைப் பொருத்தி முடித்த போர்டாகத் தந்தால் 50 எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்கு 500 டாலர், சரக்கு வந்ததும் ரொக்கம் என்றார் டெரல். ஆப்பிளை நிஜமான வியாபாரமாக்கியது இந்த நிபந்தனைதான் என்பேன். வாங்க வருகிறவருக்கு எது முடியும், எது முடியாது என்பது கல்லாவில் இருப்பவருக்குத்தானே தெரியும்!

நம் நாட்டில் கதை வேறு. கெல்ட்ரான் 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் கடும் இறக்குமதி வரி, லைசென்ஸ் கட்டுப்பாடு என்றிருந்த காலம் அது. எச்.சி.எல்., டி.சி.எம். போன்ற கம்ப்யூட்டர் நிறுவனங்களின் ஆட்கள் அலுவலகங்களுக்கு நேரில் போய் விற்றார்கள். 1984 நவம்பரில் வந்த புதிய கம்ப்யூட்டர் கொள்கை கெடுபிடியைத் தளர்த்தியது. சென்னையில் சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் நிறுவனம் 'சிவா' பிசியை மற்றவர்களைவிட மிக மலிவாக விற்றது.

வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குக் கை கொடுத்தது சென்னை ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தத் தெரு ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. மும்பை லாமிங்டன் ரோடும் அப்படித்தான். டிரான்சிஸ்டர் விற்ற இடத்திலேயே மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் வந்தன. மானிட்டர் ஒரு கடை, ரேம் இன்னொரு கடை என்று விலை விசாரித்துவிட்டு வந்தால், கண்ணெதிரே கேபினெட்டில் பூட்டி, ஓட்டிக் காட்டித் தருவார்கள். 'அசெம்பிள்டு சிஸ்டம்' என்று பெயர். நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குள் முதன்முதலில் நுழைந்தது கம்பெனி பெயர் ஒட்டாத அந்தப் பெட்டிதான்.