ரெயூனியன் மலைப்பாதைகள்: கலங்கிய நீரில் கால் வைக்காதீர்கள்

நவம்பர் பிறந்துவிட்டால், பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவில் வறண்ட மாதங்கள் முடிகின்றன. நமக்கு மார்கழிப் பனி என்றால் அங்கே நடுக்கோடை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்மேற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் எப்போது வேண்டுமானாலும் சுழன்று எழலாம். மலையேற நல்ல காலம் மே முதல் அக்டோபர் வரைதான். ஆனால் கூட்டம் வருவதோ புயல் காலத்தில். பிரான்சிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு கூட்டம். தைப்பூசக் காவடி பார்க்கவும், கரும்புத் தோட்டக் காலத்தில் கப்பலேறிப் போன குடும்பங்களின் வழித்தோன்றல்களைச் சந்திக்கவும் போகும் நம்மவர்கள் இன்னொரு கூட்டம். காவடி முடிந்ததும், "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மஃபாத் பள்ளத்தாக்கையும் பார்த்துவிடுவோம்" என்று இரண்டு நாள் ஒதுக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் விமானம். இந்தக் கணக்குதான் ஆளைக் கொல்லும். அதற்கு வருகிறேன்.

முதலில் வழக்கமானவை. விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், அப்போதே நடக்கத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். பிற்பகல் இரண்டுக்குள் தங்குமிடம் சேருங்கள். மழைச்சட்டை, தலைவிளக்கு, விசில், உலர்ந்த மாற்றுடை எல்லாம் பைக்குள் பிளாஸ்டிக் உறையில். அடிப்பகுதி தேயாத காலணி. பித்தோன் தெ நேழ் சிகரத்துக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3,070 மீட்டர் உயரத்தில் கோடையிலும் நனைந்தால் உடல் விறைக்கும். கொசு விரட்டி பூசுங்கள். 2025இல் அந்தத் தீவையே சிக்குன்குனியா உலுக்கியது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள், சேற்றுநீரில் எலிக்காய்ச்சல் தொற்றும். ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். பித்தோன் த லா ஃபூர்னேஸ் எரிமலையின் உள்வட்டத்துக்கு இறங்கும் வாயில் பூட்டியிருந்தால் வேலி தாண்டாதீர்கள். அவசர எண் 112.

இனி, பயப்பட வேண்டிய விஷயம்.

மஃபாத், சிலாவோஸ், சலாசி மூன்றும் பித்தோன் தெ நேழ் என்ற பழைய எரிமலை சரிந்தும் அரித்தும் உண்டான மாபெரும் கிண்ணப் பள்ளத்தாக்குகள். சுற்றிலும் பல இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு எழும் செங்குத்துச் சுவர்கள். அந்தச் சுவர்களில் விழும் மழை ஊறித் தேங்க இடமில்லை. நூற்றுக்கணக்கான பிளவுகள் வழியே இறங்கி, அடியில் உள்ள ஒரே ஆற்றில் சேர்கிறது. மஃபாத்தின் தண்ணீர் முழுவதும் கலே ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆகவே நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மேகத்துக்குள் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும். மேலே பெய்தது உங்களிடம் மழையாக வராது, ஆறாக வரும். கணுக்கால் அளவு ஓடிய நீர் சற்று நேரத்தில் இடுப்புக்கு ஏறும். அதோடு கல்லும் மரமும் உருண்டு வரும்.

இந்தத் தீவின் மழையை நம் ஊர் மழையோடு வைத்து எண்ணாதீர்கள். 1966 ஜனவரியில் தெனிஸ் புயலின்போது ஃபூர்னேஸ் எரிமலைப் பக்கத்து ஃபோக்ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வதே சுமார் 1,400. 2007 பிப்ரவரியில் கமேத் புயல் கொமெர்சோன் எரிமலை வாய்ப் பக்கம் 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் கொட்டியது. இரண்டும் உலகச் சாதனைகள். மஃபாத் தீவின் மேற்கே இருப்பதால் அங்கே மழை இதைவிடக் குறைவு. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். காய்ந்த கூழாங்கல் படுகையைப் பார்த்துவிட்டு, "இதுவா ஆறு?" என்கிறார்கள். அந்தக் கூழாங்கற்களை அங்கே உருட்டிக் கொண்டுவந்து போட்டது எது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நீர் கலங்கினால் கால் வைக்காதீர்கள். மழை நிற்கும்வரை, நீர் இறங்கித் தெளியும்வரை, இந்தக் கரையிலேயே இருங்கள்.

மஃபாத்துக்குள் மார்லா என்ற ஊரிலிருந்து ரோஷ் பிளாத் என்ற ஊருக்குப் போகும் வழியில் துருவா ரோஷ் என்று ஓர் இடம். வழவழப்பான பாறைத் தளத்தின்மேல் கலே ஆறு பரவி ஓடி, சட்டென்று ஒரு குறுகிய பிளவுக்குள் விழுகிறது. மிக அழகான இடம்; மதியச் சோற்றை அங்கேதான் பிரிப்பார்கள். பாதை ஆற்றைக் கடப்பது அந்தப் பிளவுக்குச் சற்று மேலே. வறண்ட காலத்தில் காலணியைக் கழற்றாமல்கூடக் கடந்துவிடலாம். நீர் ஏறிய நாளில் அங்கே வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, விழுந்தவரைப் பிளவு வாங்கிக்கொள்ளும். சிலாவோஸில் பிரா ரூழ் ஓடையைக் கடக்கும் இடமும் நம்பத் தகாதது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: தெளிந்த நீர் பழுப்பாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது, அடியில் கற்கள் முட்டிக்கொள்ளும் சத்தம், ஈர மண்வாடை. நீர் திடீரெனக் குறைந்தாலும் மகிழாதீர்கள்; மேலே மண் சரிந்து ஆற்றை அடைத்திருக்கலாம், அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் படுகையை விட்டு மேட்டுக்கு ஏறுங்கள். படுகையில் கூடாரம் அடிக்கவே கூடாது.

முழங்கால் அளவு வேகநீர் நல்ல திடமான ஆளையும் தள்ளிவிடும். கயிறு கட்டிக் கடக்கிறேன் என்பவர்களுக்கு: கட்டிய கயிறே உங்களை நீருக்கடியில் பிடித்து வைக்கும். கைகோத்துக் கடக்கிறோம் என்பவர்களுக்கு: ஒருவர் சறுக்கினால் எல்லோரும் போவீர்கள். "முன்னால் போனவர்கள் கடந்துவிட்டார்களே" என்பவர்களுக்கு: அவர்கள் கடந்தது பத்து நிமிடத்துக்கு முந்தைய ஆறு. தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு நீரில் இறங்குகிறவர்களிடம் பொறுமையாகப் பேச எனக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சம்மதம் சொல்லத் தெரியுமா?

இவர்கள் யாரும் முட்டாள்கள் அல்லர். கடக்கக் கூடாது என்று பெரும்பாலோருக்குத் தெரியும். தெரிந்தும் இறங்குவது மறுநாள் விமானத்துக்காக, முன்பணம் கட்டிய அறைக்காக, விடுப்பு முடிவதற்காக. ஆகவே ஆற்றங்கரையில் எடுக்க வேண்டிய முடிவை இப்போதே, பயணச்சீட்டு எடுக்கும்போதே எடுங்கள். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் விமான நாளுக்கும் இடையே இரண்டு நாள் வெறுமையாக விடுங்கள். தேதி மாற்றக்கூடிய சீட்டு வாங்குங்கள். அந்த இரண்டு நாள் கிடைக்காவிட்டால் மஃபாத்துக்குள் இறங்காதீர்கள். மாயிதோ என்ற மலைவிளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்; விடியற்காலையில் அங்கே நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

உள்ளே போகிறவர்கள் ஆற்றைத் தொடாமல் வெளியேறும் வழியை வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மார்லாவில் மாட்டினால் 2,081 மீட்டர் தாய்பித் கணவாய் ஏறிச் சிலாவோஸ் பக்கம் இறங்கலாம். ரோஷ் பிளாத்தில் மாட்டினால் மாயிதோவுக்கு ஏறும் வழி உண்டு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கையில் அந்தச் சுவர்களிலிருந்து கல் விழும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: ஜீத் எனப்படும் மலைவிடுதியில் இன்னோர் இரவு தங்குங்கள். மஃபாத்துக்குச் சாலை கிடையாது, பல இடங்களில் கைபேசி அலையும் கிடையாது. மீட்புக்கு வரும் மலைப் போலீசாரின் ஹெலிகாப்டர் மேகம் அடைத்தால் உள்ளே இறங்க முடியாது. "கூப்பிட்டால் வருவார்கள்" என்று நம்பி ஆற்றில் இறங்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை நிறங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் புறப்படாதீர்கள், உள்ளே இருந்தால் வெளியேறுங்கள். ஆரஞ்சில் மலையில் யாரும் இருக்கக் கூடாது. சிவப்பில் வீட்டை விட்டே வெளியே வரக் கூடாது. அதற்கும் மேலே ஊதா. 2024 ஜனவரியில் பெலால் புயலுக்குத்தான் அதை முதன்முதலாக அறிவித்தார்கள். அடுத்த பருவத்திலேயே, 2025 பிப்ரவரி 28 அன்று, கரான்ஸ் புயல் வந்தது. இரண்டிலும் உயிர்கள் போயின. ஆனால் புயல் பெயர் இல்லாத நாள் பத்திரமான நாள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சாதாரணப் பிற்பகல் இடிமழை போதும் ஆறு ஏற. ஒவ்வொரு காலையும் பிரெஞ்சு வானிலைத் துறையின் கனமழை எச்சரிக்கையைப் பாருங்கள்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இதே சொல். அங்கே ஓடைகளின் குறுக்கே நம் ஊரைப் போலவே தரைப்பாலங்கள் உண்டு. நீர் மேலே ஓடும்போது வண்டியை விடாதீர்கள். தடுப்புக் கம்பியை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர் தன் உயிரோடு, பின்னால் நம்பி வருகிறவர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

நீர் கலங்கினால் கால் வைக்காதீர்கள். சக்கரமும் வைக்காதீர்கள்.

புயல் கடந்த மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். அன்றைக்குத்தான் பாதை மோசம்: ஊறிய மண் சரியும், வேர் அறுந்த மரம் சாயும், பாலம் இருந்த இடத்தில் பாலம் இருக்காது. வனத்துறை ஒவ்வொரு பாதையாகப் பார்த்துத் திறக்கும்வரை உள்ளே போகாதீர்கள். மூடிய பாதைகளின் பட்டியல் அவர்களிடமும் சுற்றுலா அலுவலகங்களிலும் கிடைக்கும்.

பயணத்தைக் கைவிட்டால் முன்பதிவு செய்த மலைவிடுதிக்கு அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மழை இரவில் வந்து சேராத விருந்தாளியை நினைத்து அவர்கள் கவலைப்படுவார்கள், தேட ஆள் அனுப்பவும் கூடும். தேடப் போகிறவரும் அதே ஆற்றைத்தான் கடக்க வேண்டும்.