ஆழத்திலிருந்து மெல்ல ஏறுவோம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பழமொழி. ஆழத்துக்குள் போனவர் எப்படி வெளியே வர வேண்டும் என்பது இன்றைய பாடம்.

நம் பிள்ளைகள் மைசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் முருடேஸ்வர் சென்று நேத்ராணித் தீவருகே கடலில் மூழ்கிப் பார்க்கிறார்கள். அது பிடித்துப் போனால் அடுத்து அந்தமான், மாலத்தீவு. அங்கே ஒரு வாரம் படகிலேயே தங்கி, நாளுக்கு மூன்று நான்கு முறை மூழ்கும் பயணங்கள் உண்டு. பெற்றோராகிய நாம் "ஜாக்கிரதை" என்று சொல்லி அனுப்புகிறோம். எதில் ஜாக்கிரதை என்பது நமக்கே தெரிவதில்லை. 2024 பிப்ரவரியில் மகளோடும் மருமகனோடும் நான் அப்படியொரு படகில் போனேன். அங்கே கண்டதையும், ரயில்வேயில் பாலவேலை பார்த்த காலத்தில் கண்டதையும் சேர்த்து அன்பர்களுக்கு எழுதுகிறேன்.

கிணற்றுப் பாடம்

நான் பிறந்து வளர்ந்தது மார்டள்ளி. அன்று மைசூர் மாவட்டம்; 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர். கடல் எங்களுக்கு வெகுதூரம். நான் அறிந்த ஆழமெல்லாம் தோட்டத்துக் கிணறுதான். கயிறு அறுந்து வாளி விழுந்தால் முதலில் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவார்கள். அகப்படாவிட்டால் பையன்களில் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் காது விண்ணென்று வலிக்கும். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதுடா" என்பார் சித்தப்பா. ஊதியதும் வலி நின்றுவிடும்.

காரணம் டிப்ளமோ படித்தபோதுதான் விளங்கியது. நிலத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீருக்குள் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் (33 அடி) இன்னொரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் 2 மடங்கு, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. அழுத்தம் இரட்டித்தால் காற்றின் கன அளவு பாதியாகும். இது ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று சுருங்கும்போது பறை உள்வாங்கி வலிக்கிறது. மூக்கைப் பிடித்து ஊதினால் தொண்டையிலிருந்து காற்று போய் அந்த இடத்தை நிரப்புகிறது. சித்தப்பா பாயிலைப் படித்தவர் அல்லர்; ஆனால் வைத்தியம் சரியானது.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம் முன்னோரும் இப்படித்தான் மூச்சை அடக்கிப் போனார்கள். மேலே படகில் கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்று சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது கவனமாக இழுப்பார் அல்லவா? அவர்கள் நெஞ்சில் இருந்தது மேலே இழுத்த ஒரே மூச்சு. உள்ளே போகும்போது அது சுருங்கும், வெளியே வரும்போது பழைய அளவுக்கு விரியும்.

ஸ்கூபாவில் நிலைமை வேறு. 1943இல் பிரான்சில் கூஸ்தோ, கஞ்ஞான் என்ற இருவர் உருவாக்கிய கருவி, எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த ஆழத்து அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய 6 லிட்டர் இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். எனவே சிலிண்டர் கட்டியவருக்கு முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதே. கிணற்றில் பழகிய நம் பிள்ளைகள் இதைத் தனியாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

படகில் ஆறு இரவுகள்

மாலத்தீவு 26 பவளத்தீவுக் கூட்டங்களைக் கொண்ட நாடு. இக்கூட்டங்களுக்கு உலகமெங்கும் வழங்கும் 'அடோல்' என்ற பெயர், அந்நாட்டின் திவேஹி மொழி தந்த சொல். எங்கள் பெரிய படகில் அறைகளும் சமையற்கட்டும் மேல்தளமும் இருந்தன. கூடவே ஒரு சிறிய படகு வந்தது. அதை அவர்கள் 'தோனி' என்கிறார்கள், நம் தோணிதான். சிலிண்டர்களும், அவற்றில் காற்று நிரப்பும் கம்ப்ரஸரும் தோனியில் இருந்தன. அதனால் பெரிய படகில் இரைச்சல் இல்லை.

என் இதயத்தைப் பரிசோதித்த டாக்டர் சிலிண்டர் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே முகக்கண்ணாடி மாட்டி மேலே மிதப்பதோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற நேரத்தில், பழைய வழக்கம் விடாமல், ஒரு நோட்டில் ஒவ்வொருவரும் இறங்கிய நேரம், ஏறிய நேரம், போன ஆழம் எல்லாம் குறித்து வந்தேன்.

காலை ஆறரைக்கு முதல் முழுக்கு, பதினொரு மணிக்கு இரண்டாவது, மூன்று மணிக்கு மூன்றாவது. சில நாள் இரவிலும் ஒன்று. பொழுதுபோக்கு முழுக்குக்கு அந்நாட்டுச் சட்டப்படி 30 மீட்டரே எல்லை. சிலிண்டர் கணக்கு எளிது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று இருந்தால் மொத்தம் 2,400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்குத் தண்ணீருக்கு மேலே 120 நிமிடம் வரும். 10 மீட்டரில் 60 நிமிடம். 30 மீட்டரில் 30 நிமிடம். கால்பங்கு மீதி வைத்து ஏற வேண்டும் என்பதால் உண்மையில் கிடைப்பது இன்னும் குறைவு.

காற்று தீர்வதை மீட்டர் முள் காட்டிவிடும். முள்ளில் தெரியாத ஒன்று உண்டு.

கோலி சோடா

சோடாப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும்வரை உள்ளே குமிழி தெரியாது. அழுத்தத்தால் வாயு நீரில் கரைந்து கிடக்கிறது. கோலியைத் தட்டியதும் பொங்குகிறது. அழுத்தம் கூடக் கூட, திரவத்தில் கரையும் வாயுவும் கூடும் என்பது 1803இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி.

நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கூடுதலாகக் கரைகிறது. மெல்ல ஏறினால் மூச்சுவழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் சோடாவைப் போல உடலுக்குள்ளேயே குமிழியிடும். மூட்டில் குமிழி என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் விழுந்துவிடும்.

ஒரு முழுக்கில் சேர்ந்த நைட்ரஜன் அடுத்த முழுக்குக்குள் முழுவதும் போய்விடுவதில்லை. மீதியின்மேல் மீதி சேர்கிறது. அடைபடாத கடன்மேல் மீண்டும் கடன் வாங்குவது போல. ஒருநாள் மூழ்கித் திரும்புவதற்கும் படகில் ஒரு வாரம் தங்கி மூழ்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பாலத்தடியில்

இந்த நோயை உலகம் முதலில் பெரிய அளவில் கண்டது பாலவேலையில். ஆற்றுப் பாலத்தின் தூணுக்கு அடியில், உள்ளே கூடான பெரிய அடித்தளத்தை இறக்குவோம். ரயில்வேயில் அதற்கும் கிணறு என்றே பெயர். தண்ணீர் புகாமலிருக்க, சில இடங்களில் மேலே மூடி, அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தி, அதற்குள் ஆட்கள் இறங்கி மண் வெட்டுவார்கள். அமெரிக்காவில் 1874இல் திறந்த செயின்ட் லூயிஸ் பாலத்தில் இந்நோயால் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1883இல் திறந்த புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் இதனாலேயே முடங்கினார். அவர் மனைவி எமிலி அவர் சொன்னவற்றைக் களத்துக்குக் கொண்டுசென்று வேலையை நடத்த உதவினார். 1908இல் ஜான் ஹால்டேன் என்பவர், ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு நேரம் தங்கித் தங்கி ஏற வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டார். இன்று பிள்ளைகள் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்கு அடிப்படை அதுவே.

1984இல் நான் ஓர் ஆற்றுப் பாலவேலையில் இருந்தேன். அழுத்த அறைக்கு வெளியே பதிவேடு எழுதுவது என் பொறுப்பு. ஆட்கள் வெளியே வருமுன் அந்த அறையில் அமர வைத்து, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். ஒரு மாலை, தொழிலாளி ஒருவர், "தங்கச்சிக்கு நாளைக்கு நிச்சயம் சார், கடைசி பஸ் போயிடும்" என்று உள்ளிருந்து கெஞ்சினார். பாதி நேரத்திலேயே வால்வைத் திறந்துவிட்டார்கள். நான் தடுக்கவில்லை. பதிவேட்டில் முழு நேரம் என்று எழுதினேன்.

நள்ளிரவில் அவருக்கு முழங்கால் வலி. வீட்டார் எண்ணெய் தேய்த்தார்கள். விடியும்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உடனே மீண்டும் அழுத்தத்துக்குள் கொண்டுபோவதே இதற்கு மருந்து. எங்களுக்கு அது தோன்றிச் செய்வதற்குள் நேரம் போய்விட்டது. பிறகு அவர் கோலூன்றியே நடந்தார். அந்தப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து.

ஐந்தாம் நாள்

படகில் ஐந்தாம் நாள் மாலை. என் நோட்டின்படி மகளுக்கு அது 15ஆவது முழுக்கு. சாப்பிடும்போது இடது கையை மடியிலேயே வைத்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. சிலிண்டர் தூக்கினதுல முழங்கை பிடிச்சிருக்கு. விரல் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்குத்தான் திமிங்கிலச் சுறா பாக்கப் போறோம்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். நேற்று இரவிலிருந்து என்றாள். கம்ப்யூட்டர் எல்லை மீறவில்லையே என்று மருமகனும் சொன்னார். உண்மைதான், மீறவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. அவள் உடம்புக்குள் பார்ப்பதில்லை.

"நாப்பது வருஷம் முன்னாடி ஒருத்தருக்காகப் பொய் எழுதினேம்மா. உனக்காக எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் டைவ் மாஸ்டரிடம் சொன்னேன். மகளுக்குக் கோபம். நான் பொருட்படுத்தவில்லை.

அவர்கள் தாமதிக்கவில்லை. முகமூடி வைத்துத் தூய பிராணவாயு கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார்கள். இரவோடு இரவாக, அழுத்த அறை உள்ள தீவுக்கு விசைப்படகில் போனோம். 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் வைத்து, பிராணவாயு கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்தார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வெளியே வந்து விரல்களை மடக்கிப் பார்த்தாள். "மரப்பு போயிடுச்சுப்பா" என்றாள். மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானம் ஏறாமல் அங்கேயே தங்கினோம். திமிங்கிலச் சுறாவை அவள் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் வழி

கடைசி முழுக்கு முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. விமான அறைக்குள் உள்ள அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். புட்டியின் கோலியை இன்னும் கொஞ்சம் தட்டுவது போல. ஒரே ஒரு சாதாரண முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல முழுக்கு அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. 24 மணி நேரம் காத்திருப்பது நல்லது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குப் போவதிலும் இதே கவனம் வேண்டும். மைசூர் ஏறத்தாழ 770 மீட்டர், பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். நேத்ராணியில் மதியம்வரை மூழ்கிவிட்டு, அன்றிரவே காரில் மலைப்பாதை ஏறி வீடு திரும்புவது, நாம் எண்ணிப் பார்க்காத விமானப் பயணம். ஓர் இரவு கடற்கரையில் தங்கி, மறுநாள் கிளம்பச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை இவை. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதே. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வா. தண்ணீர் நிறையக் குடி. நடுவில் ஒரு நாள் ஓய்வு எடு. கிளம்புமுன் அருகில் அழுத்த அறை எங்கே உள்ளது, காப்பீடு அதற்குச் செல்லுமா என்று கேட்டு எழுதிக்கொள். முழுக்குக்குப் பின் மூட்டுவலி, மரப்பு, தலைசுற்றல், தோலில் தடிப்பு, காரணமில்லாத அசதி எது வந்தாலும் உடனே சொல். எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடாதே.

மருத்துவர் அனுமதித்த பிறகு மகள் மறுபடியும் கடலில் மூழ்கினாள். நான் தடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்: ஏறி வந்ததும் அப்பாவுக்கு ஒரு போன். வலி இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. 4 லிட்டர் காற்றுள்ள பலூனைக் கட்டி 30 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் எவ்வளவாகச் சுருங்கும்?
2. மேலே சொன்ன சிலிண்டர் 20 மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடம் வரும்?
3. ஆறு நாள் பயணத்தின் கடைசி முழுக்கு ஞாயிறு காலை 11 மணிக்கு முடிந்தது. 24 மணி நேர விதிப்படி எப்போது விமானம் ஏறலாம்?

விடைகள்: 1. ஒரு லிட்டர். 2. 40 நிமிடம். 3. திங்கள் காலை 11 மணிக்குப் பிறகு.