ஓங்கில்களின் மீன்வேட்டை

கூட்டமாய் வாழும் சிறுமீன்களுக்கு அக்கூட்டமே அரண். பகையுயிர் பாயுங்கால் எதனைப் பற்றுவதென்று அறியாது மயங்கும்; அம்மயக்கத்தில் மீன்கள் தப்பும். அவ்வரணையே சிறையாக்கி உண்ணும் உயிர் ஒன்று உளது. அதுவே டால்பின் எனப்படும் ஓங்கில். மீன்போலத் தோன்றினும், இது நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டியீன்று பாலூட்டும் விலங்காகும். இஃது இரைதேடும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கலங்கிய நீரிலும் இருளிலும் கண் பெரிதும் பயன்படாது. ஆகலின் ஓங்கில் ஒலியால் தேடுகின்றது. மூக்குவழியில் எழும் நுண்ணொலிகளை நெற்றியிலுள்ள கொழுப்புத்திரள் ஒருமுகமாக்கி முன்னே செலுத்தும். மீண்டுவரும் எதிரொலியைக் கீழ்த்தாடை ஏற்று உட்செவிக்கு உய்க்கும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். காற்றிற் செல்வதினும் இது நான்கு மடங்கிற்கு மேற்பட்ட விரைவாகும். மீனின் தசை ஒலியைப் பெரும்பாலும் ஊடுருவவிடும். அதன் உடலிலுள்ள காற்றுப்பையோ ஒலியை வலிமையாய்த் திருப்பியனுப்பும். மீனை மிதக்கவைக்கும் உறுப்பே அதனைக் காட்டியும் கொடுக்கின்றது!

இனி வேட்டையைக் காண்பாம். தென் அமெரிக்காவில் அர்ஜென்டீனா நாட்டுச் சான் ஹோசே வளைகுடாவில், 1970-களில் பெர்ன்ட் வுர்சிக், மெலனி வுர்சிக் என்னும் அறிஞர் இருவர் மங்கல்நிற ஓங்கில்களை ஆராய்ந்தனர். அவை சிறு குழுக்களாய்ப் பிரிந்து, ஒன்றற்கொன்று இடைவெளிவிட்டுப் பரந்து நீந்தி, நெத்திலித் திரளைத் தேடும். கண்டதும் சுற்றிலும் கீழிருந்தும் நெருக்கி மேலே ஏற்றும். நீர்ப்பரப்பே சுவராகி மறிக்க, மீன்கள் பந்துபோல் திரளும். சில ஓங்கில்கள் சுற்றிவந்து அப்பந்தைக் கலையாது காக்க, சில உட்புகுந்து இரை கவ்வும். அவற்றின் பற்கள் பற்றுதற்கேயன்றி மெல்லுதற்கு உதவா. ஆதலின் மீனை முழுதாய் விழுங்கும்.

இவ்வேளையில் அவை நீர்மேல் துள்ளுதலும் உண்டு. தலை முன்னாக ஓசையின்றி விழும் துள்ளல், மூச்சுவாங்கி விரைந்து ஆழஞ்செல்ல உதவும். துள்ளலும் மேலே வட்டமிடும் கடற்பறவைகளும் வேட்டை நிகழிடத்தைத் தொலைவிற்கும் புலப்படுத்தும். பிற குழுக்களும் வந்து சேரும். சிற்சில வேளை ஏறத்தாழ 300 ஓங்கில்கள் ஓரிடத்திற் கூடும்.

பங்காளிகள் பெருகின் பங்கு குறையாதோ? குறையாது. சிறு குழு தனித்து வளைத்த திரள் விரைவிற் சிதறும். பலர் கூடியவிடத்து வேட்டை இரண்டு மூன்று மணிநேரமும் நீடிக்கும். பிறரை அழைக்கும் கருத்தோடு துள்ளுகின்றன என்று துணிதல் வேண்டா. கண்டவை வருகின்றன, வந்தமையால் யாவும் உண்கின்றன என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இம்முறையும் எங்கும் ஒன்றன்று. நியூசிலாந்தின் கைக்கோரா கடற்பகுதியில் இதே இனம் பகலிற் கரையருகே இளைப்பாறி, இரவில் ஆழத்தினின்று மேலெழும் விளக்குமீன்களையும் கணவாய்களையும் உண்ணும். இரையின் இயல்பு மாறின் வேட்டையும் மாறும். கடலின் நிலையறிந்து வினைமுறையை மாற்றுதலும், துணையொடு கூடி வினைமுடித்தலும் இவ்வுயிரின் இரு பேராற்றல்கள் என்க.