காயிலில் படிந்த கரியும் கெட்டில் வெந்நீரும்

மின்சிகரெட்டை உறிஞ்சும்போது கருகல் வாடை அடித்தால் பலரும் முதலில் பேட்டரியைச் சந்தேகிப்பார்கள். அப்புறம் வாங்கிய திரவத்தைத் திட்டுவார்கள். திரவத்தை ஆவியாக்கும் அட்டமைசரைக் கழற்றி உள்ளே இருக்கும் காயில் எனும் கம்பிச் சுருளைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கம்பி தார் பூசினாற்போல் கறுத்திருக்கும்.

லண்டனில் சிகரெட்டை விடுவதற்காக மின்சிகரெட்டுக்கு மாறியவன் நான். இங்குள்ள அரசு மருத்துவச் சேவை, புகைப்பவர்கள் சிகரெட்டை நிறுத்த இது உதவும் என்கிறது. தீங்கே இல்லாதது அல்ல, புகைக்காதவர்கள் தொட வேண்டாம் என்றும் கூடவே சொல்கிறது. அந்தப் பின்பாதியைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வகையை இங்கே விற்கக்கூடாது. அதனால் திரவத்தை மீண்டும் நிரப்பும் டேங்க் வகைக்கு வந்த நண்பர்கள் அதிகம். காயில் தலைக்கு இரண்டு மூன்று பவுண்டு கொடுத்து அலுத்துப்போய், கழுவிப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள்.

கழுவலாம். ஆனால் அட்டமைசருக்குள் இருவகை அழுக்கு உண்டு. ஒன்று தண்ணீரில் போகும், மற்றது போகாது. திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். இரண்டுமே தண்ணீரில் நன்றாகக் கரைபவை. டேங்கின் ஓரங்களிலும் மறைகளிலும் காற்றுத் துளைகளிலும் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது இதுதான். இதற்கு வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் போதும். கம்பியில் படியும் கரி வேறு சமாச்சாரம். இனிப்புக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் மற்றவற்றோடு சேர்ந்து முழுதாக ஆவியாகிப் போவதில்லை. சூட்டில் சிதைந்து கம்பியிலேயே கருகி ஒட்டிக்கொள்கிறது. கஸ்டர்ட், கேரமல், மிட்டாய் மணமுள்ள திரவங்கள் காயிலைச் சீக்கிரம் கொல்வதற்கு இதுவே காரணம். இனிப்பூட்டி இல்லாத புதினா, புகையிலை வகைகளுக்கு மாறிய பிறகு என் கழுவும் வேலை பாதியாகக் குறைந்தது. எல்லா வீட்டு வைத்தியத்தையும்விட மலிவான வழி இதுதான் என்பேன்.

நான் கழுவும் முறையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முதலில் பேட்டரியைத் தனியே எடுத்து வேறு அறையில் வைத்துவிடுவேன். அதன் பக்கத்தில் ஈரமே கூடாது. கையுறை போட்டுக்கொள்வேன். நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கழுவுவதற்கென்று ஒரு பழைய கண்ணாடிக் குவளை, சமையல் பாத்திரங்களோடு சேராமல், குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் இருக்கிறது. டேங்கைப் பிரித்து ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு, கண்ணாடியையும் உலோகப் பாகங்களையும் வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மறைகளைத் தேய்ப்பேன். கண்ணாடியில் நேரடியாகக் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடலாம், கொஞ்சம் ஆறவிட வேண்டும். வளையங்களுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரே போதும்.

லண்டன் குழாய்த் தண்ணீர் கடினநீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது காயிலிலும் படியும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும், துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டிக்காக விற்கும் அயனி நீக்கிய தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். ஒரு கேன் மாதக்கணக்கில் வரும்.

இனி, ஆளாளுக்குச் சொல்லும் கைவைத்தியங்கள். வோட்காவில் ஊறவைப்பது பழைய வழக்கம். மதுசாரம் வாசனை எண்ணெய்களைக் கரைக்கும், சீக்கிரம் உலரும் என்பதால் அதில் அர்த்தம் உண்டு. ஆனால் கடையில் கிடைக்கும் வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அதைவிட மலிவு, வேலையும் சுத்தம். அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, முழுதாக உலராமல் காயிலைச் சூடேற்றவும் கூடாது. டேங்க் பிளாஸ்டிக்காக இருந்தால் மதுசாரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். இலவங்கப்பட்டை, ஆரஞ்சு மணத் திரவங்களும் அதே வேலையைச் செய்யும்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய ஒன்று, இங்கே மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட். அது வெறும் மதுசாரம் இல்லை. விளக்கெண்ணெயும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்தது. மதுசாரம் பறந்துபோன பின்னும் அவை காயிலில் தங்கிவிடும். அடுத்த இழுப்பில் அதைத்தான் சூடாக்கி நுரையீரலுக்கு அனுப்புவோம். ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் வேண்டவே வேண்டாம்.

கோலாவில் கொதிக்கவைக்கச் சொல்பவர்கள் உண்டு. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மைதான். கூடவே சர்க்கரையும் இருக்கிறதே! கருகிய இனிப்பைப் போக்க இனிப்புத் தண்ணீரில் ஊறவைப்பது எந்த ஊர் நியாயம்? பொய்ப்பல் கழுவும் மாத்திரை பரவாயில்லை. நுரைத்துப் பொங்கி மேலாகப் படிந்ததைத் தளர்த்தும். அதன் புதினா மணம் போக நிறைய அலச வேண்டும். இணைப்புப் பித்தளை மங்கிப்போயிருந்தால் வெள்ளை வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைப்பேன். புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்த்த கைகளுக்குப் புளி நினைவு வருவது இயல்பு. ஆனால் சக்கை மறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வினிகரிலும் இரவு முழுக்க ஊறப்போட வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

இத்தனையும் செய்தாலும், தொழிற்சாலையில் பஞ்சு அடைத்து வரும் காயில் தலை புதுசாகிவிடாது. கிழக்கு ஹாமில் ஓர் ஈழத்துக் கடைக்கார அண்ணை சொன்னதைத்தான் நானும் சொல்வேன்: "தம்பி, பஞ்சைக் கழுவி என்ன செய்யப் போறியள்? மாத்துங்கோ." கருகிய பருத்தி எதிலும் வெளுக்காது. வெந்நீரில் அலசி, ஊதி, நன்றாக உலர்த்தினால் சில நாள் கூடுதலாக ஓடும், அவ்வளவே. உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெளியே காய்ந்தது போலிருந்தாலும் பஞ்சின் நடுவில் தண்ணீர் நிற்கும். அதைச் சூடேற்றினால் சடசடவென்று வெந்நீர் வாய்க்குத் தெறிக்கும். ஒரு நாள் முழுக்க ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைப்பதே நல்லது. ஆகவே இரண்டு தலைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது வசதி.

நாமே கம்பி சுற்றும் வகை அட்டமைசர் இருந்தால் கதையே வேறு. பஞ்சை உருவி எறிந்துவிட்டு, வெறும் கம்பியைக் குறைந்த வாட்டில் விட்டு விட்டுச் சூடேற்றினால் கரி சாம்பலாகி உதிரும். ஆறிய பிறகு தண்ணீரில் அலசினால் பளிச்சென்று இருக்கும். கந்தால் எனும் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பிக்கும் நைக்ரோமுக்கும் இது வழக்கம். தூய நிக்கல், டைட்டானியக் கம்பிகளுக்குச் செய்யக் கூடாது. ஆனால் கிரேக்க இதயநோய் ஆய்வாளர் கான்ஸ்டான்டினோஸ் ஃபார்சலினோஸ் 2015இலேயே இந்தப் பழக்கம் வேண்டாம் என்றார். சிவக்கச் சூடேற்றினால் உலோகத்தின் அமைப்பு மாறலாம் என்பது அவர் கவலை. அவர் மின்சிகரெட்டுக்கு எதிரி அல்ல என்பதால் அந்த எச்சரிக்கைக்கு எடை கூடுதல். கணக்கும் அவர் பக்கம்தான். 10 மீட்டர் கந்தால் சுருள் சில பவுண்டு. ஒரு காயிலுக்கு 10, 15 சென்டிமீட்டர் போதும். சில பென்னி கம்பியைக் காப்பாற்ற எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? நான் இப்போது கம்பி, பஞ்சு இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன். புதுக் காயிலின் ஓம் அளவைக் கருவியில் சரிபார்த்து, பஞ்சில் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்ட பிறகே பொத்தானை அழுத்துவது. ஊறாத பஞ்சு முதல் இழுப்பிலேயே கருகிவிடும்.

பழைய கருவியையும் பேட்டரியையும் வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், குப்பை வண்டியில் தீப்பிடிக்கலாம். இங்கே மின்சிகரெட் விற்கும் கடைகள் பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். ஊருக்குப் புறப்படும்போது இந்தச் சாமான் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியா 2019இலேயே மின்சிகரெட் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்துவிட்டது. வழியில் சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். சென்னைப் பயணத்துக்கு எனக்கு நிகோடின் சூயிங்கம்தான்.